கலங்கினது வேற, கரைஞ்சது வேற

கிளம்புவதற்கு முந்தின இரவு, காட்பாடி

சைக்கிள் பயணத்துக்கு எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில் எனக்கும் மாமாவுக்கும் ஒத்துப்போன ஒரே சாமான் பஞ்சர் கிட்டுதான். மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை. அதில் பெரிய சண்டை, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு தண்ணீர் வடிகட்டிக்காக.

மாமா என் அம்மாவின் தம்பி. குடிநீர்த் திட்டங்களில் பம்ப் ஆபரேட்டராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, மூன்று வருடம் முன்பு ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் எந்த ஊர்க் குழாயில் தண்ணீர் குடித்தாலும் ஒரு வாய் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டுத்தான் விழுங்குவார். வடிகட்டியைக் கையில் வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊதிப் பார்த்தார்.

"இன்னா மாப்ள இது, பீப்பீயா?"

விளக்கினேன். உள்ளே நூல் மாதிரி மெல்லிய குழல்கள் கட்டுக்கட்டாக இருக்கும். ஒவ்வொரு குழலின் சுவரிலும் 0.1 மைக்ரான் அளவுக்குக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். தலைமுடியின் கனத்தில் சுமார் எழுநூறில் ஒரு பங்கு. டைபாய்டு, காலரா கிருமிகள் அதைவிடப் பெரியவை, அமீபா முட்டை இன்னும் பெரிசு. எல்லாம் வெளியே நின்றுவிடும், தண்ணீர் மட்டும் வரும். பையில் ஓடைத் தண்ணீரைப் பிடித்து, இதைத் திருகி, பிழிந்தால் போதும். எடை ஒரு சோப்புக்கட்டிக்கு மேல் போகாது.

"மஞ்சள் காமாலை?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். தண்ணீரில் பரவுகிற காமாலை வைரஸால் வருவது. அதன் அளவு 0.03 மைக்ரான் பக்கம். இந்தத் துளைக்குள் அது வாசற்கதவில் எறும்பு நுழைகிற மாதிரி நுழைந்து போகும். குழந்தைகளைப் படுக்கவைக்கிற ரோட்டா வைரஸும் அப்படித்தான். அந்த ரோட்டாவைப் பற்றிப் பல வருடம் ஆராய்ச்சி செய்து, 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் என்ற பெயரெடுத்த ககன்தீப் காங் வேலை பார்த்தது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம்ம சி.எம்.சி.யில்தான். ஊரிலேயே ஆராய்ச்சி நடந்த வைரஸை ஊர்க்காரன் வாங்கிய வடிகட்டி பிடிக்காது என்பதில் மாமாவுக்கு ஒரு திருப்தி.

அவர் எடுத்துக்கொண்டது: ஒரு அட்டை குளோரின் மாத்திரை, பழைய வேட்டியில் கிழித்த இரண்டு முழத் துணி, ஒரு எவர்சில்வர் சொம்பு. "இரண்டாயிரத்துச் சொச்சம் குடுத்தியா? அதுல நூறு பாட்டில் தண்ணி வாங்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

கணக்கு சரிதான். ஆனால் அந்த நூறு காலிப் பாட்டில்களை யார் தூக்குவது என்று கேட்க நினைத்தேன். குறட்டை வந்துவிட்டது.

முதல் நாள்: காட்பாடி – போளூர்

தை மாதம். விடியற்காலையில் வேலூரில் ஸ்வெட்டர் போடுகிற அதிசயம் நடக்கும் நாட்கள். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கீழே பார்த்தேன். ஒரு ஓரமாக வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர், மிச்சம் மணலும் சீமைக்கருவேலமும். 2021 நவம்பரில் இதே ஆறு கரை கொள்ளாமல் போனது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

வேலூரைப் பற்றி ஊர்க்காரர்களே ஒரு கேலி சொல்வது உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை. இதில் ஒன்று தீர்ந்துவிட்டது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் 1981-இல் திரும்பி வந்துவிட்டார். பேரிலேயே ஜலத்தை வைத்திருக்கிற சாமி. ஆறு மட்டும் அப்படியே கிடக்கிறது.

பாகாயம், அடுக்கம்பாறை, கணியம்பாடி என்று சாலை நன்றாகவே போனது. நான் கியர் சைக்கிள், மாமா அவருடைய ஹெர்குலிஸ். மட்டமான சாலையில் அவர்தான் முன்னால். முப்பது வருடம் ஷிப்டுக்குப் போன கால்.

கண்ணமங்கலத்துக்கு முன்னால் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டோம். கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா உள்ளே போய் ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்தார். மாமா அண்ணாந்து குடித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பையை எடுத்து, அந்தச் சொம்புத் தண்ணீரை ஊற்றி, வடிகட்டியைத் திருகி, பிழிய ஆரம்பித்தேன். அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். "எதுனா விழுந்து கீதா தம்பி?" என்று சொம்பை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது.

கொஞ்ச தூரம் போன பிறகு மாமா சைக்கிளை மெதுவாக்கினார்.

"அது பைப் தண்ணிடா. பிளீச்சிங் வாடை வந்துச்சே, பாக்கல?"

"அந்த வாடைக்காகவும்தான் மாமா..."

"பிளீச்சிங் வாடை அடிச்சா சந்தோஷப்படு. கடைசி வீட்டுக் குழாய் வரிக்கும் கொஞ்சம் குளோரின் மிச்சம் இருக்கணும். அது இருந்தா, வழியில எது பூந்தாலும் செத்துப் போவும். நாங்க அதுக்குத்தானே உசுர விட்டோம்."

அந்தக் 'கொஞ்சம்' என்பது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். அவர்கள் காலத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து ஒரு சொட்டு மருந்து விடுவார்களாம். மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது. வராவிட்டால் பம்ப் ஆபரேட்டருக்கு மேலிருந்து திட்டு.

மீதி நாள் முழுக்க வடிகட்டியை வெளியே எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் வரவில்லை. டீக்கடையில் கேன் தண்ணீர், சந்தவாசலில் சாப்பிட்ட ஓட்டலில் கேன் தண்ணீர், பாட்டிலை நீட்டினால் நிரப்பித் தருகிறார்கள், காசு கேட்பதில்லை. தமிழ்நாட்டுச் சமவெளியில் பத்து கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை இருக்கும் வரை இந்தச் சாமான் பாரம்தான் என்று இப்போதைக்குத் தோன்றுகிறது. போளூர் லாட்ஜில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மாமா பக்கத்துக் கட்டிலில் சிரித்துக்கொண்டிருக்கிறார். நாளைக்கு ஜவ்வாது மலை.

இரண்டாம் நாள்: போளூர் – ஜமுனாமரத்தூர்

நேற்று எழுதியதில் பாதியை இன்று வாபஸ் வாங்குகிறேன்.

அத்திமூர் வரை சேர்ந்துதான் போனோம். மலையடிவாரத்தில் மாமா மேலே ஏறுகிற சாலையைப் பார்த்தார், தன் ஹெர்குலிஸைப் பார்த்தார், அந்த வழியாக வந்த ஒரு காய்கறி வண்டியைக் கைகாட்டி நிறுத்தினார். ஐந்து நிமிடத்தில் சைக்கிளும் அவரும் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் ஏறிவிட்டார்கள். "மேல சோறு சொல்லி வெக்கறேன் மாப்ள!" கையசைத்தபடி போனார். வேட்டித் துணி, மாத்திரை அட்டை, சொம்பு எல்லாம் அவரோடு போனது.

என்னிடம் ஒன்றேமுக்கால் லிட்டர் தண்ணீர். மேலே போக எத்தனை மணி நேரம் ஆகும் என்று நான் போட்ட கணக்கு சமவெளிக் கணக்கு. ஏற்றத்தில் நடைவேகத்துக்கும் கீழே போனேன். தை மாதக் குளிரெல்லாம் காலை எட்டு மணியோடு சரி. பதினொரு மணிக்குப் பாறைகள் சூடேறிவிட்டன. ஒரு வளைவு தாண்டினால் அடுத்த வளைவு. டீக்கடை கிடையாது, வீடு கிடையாது. குரங்குகள் உண்டு. அவற்றில் ஒன்று என் முன்பையில் இருந்த பொட்டுக்கடலைப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய் எதிரிலேயே உட்கார்ந்து தின்றது.

பன்னிரண்டு மணி வாக்கில் பாட்டில்கள் இரண்டும் காலி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் ஒரு சின்னப் பாலத்துக்கு அடியில் ஓடை தெரிந்தது. ஓடை என்றால் பெரிசாக ஒன்றுமில்லை, இரண்டு கை அகலம். ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. 'இதற்குத்தானே உன்னை வாங்கினேன்' என்று வடிகட்டியை எடுத்தேன்.

முதல் பை நன்றாகவே இறங்கியது. குளிர்ந்த தண்ணீர், மண்வாசனை, அவ்வளவு ருசி. அரை லிட்டரை நின்றவாக்கில் குடித்தேன். இரண்டாவது பையில்தான் வினை. மேலே எங்கோ மாடு இறங்கியிருக்க வேண்டும், தண்ணீர் செம்மண் கலங்கலாக வந்தது. அவசரத்தில் அதையே பிடித்துத் திருகிப் பிழிந்தேன். சொட்டுச் சொட்டாக வந்தது. அழுத்திப் பிழிந்தேன். சொட்டும் நின்றது. இன்னும் அழுத்தினால் பை கிழியும்.

இந்த வகை வடிகட்டி அடைத்துக்கொள்வது புது விஷயம் இல்லை. அதற்குத்தான் கூடவே ஒரு பெரிய ஊசிக்குழல் கொடுப்பார்கள், ஆஸ்பத்திரி சிரிஞ்சு மாதிரி, ஊசி இல்லாமல். சுத்தமான தண்ணீரை அதில் இழுத்து, வடிகட்டியின் வாய்ப்பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் வேகமாகத் தள்ளினால், உள்ளே ஒட்டியிருக்கும் சேறு கழன்று வெளியே வரும். என் ஊசிக்குழல் காட்பாடியில் அலமாரி மேல் இருக்கிறது. எடை குறைக்கிறேன் என்று நேற்று முந்தினநாள் ராத்திரி நான்தான் எடுத்து வைத்தேன். இருபது கிராம் இருக்குமா?

பாலத்துக் கட்டைமேல் உட்கார்ந்து வடிகட்டியைத் தட்டிக்கொண்டிருந்தபோது மணிச்சத்தம் கேட்டது. ஆடுகள், பின்னால் ஒரு பெரியவர். தோளில் துண்டு, கையில் தொரட்டி. என்னையும் கையில் இருந்ததையும் பார்த்தார்.

"தண்ணிக்கா தம்பி?"

ஆமாம் என்றேன். ஓடையில் குடிக்காதே என்று கையாட்டினார். கரையோரமாகக் கொஞ்சம் மேலே நடந்து, மணல் படிந்திருந்த ஒரு இடத்தில் குந்தி, இரண்டு கைகளாலும் பறிக்க ஆரம்பித்தார். முழங்கை ஆழம் வரை. குழியில் தண்ணீர் ஊறியது, முதலில் கலங்கலாக. அதைக் கையால் இறைத்து வெளியே கொட்டினார். மறுபடி ஊறியது, மறுபடி இறைத்தார். மூன்றாவது தடவை கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அதுவா தெளியட்டும். அவசரப்பட்டுக் கைய வுடாத."

ஒரு பீடி நேரம். ஆடுகளை ஓட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். குழியில் எட்டிப் பார்த்தால் அடிமணல் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. ஓடை மூன்றடி தூரத்தில் கலங்கலாகவே போய்க்கொண்டிருக்கிறது, இங்கே கண்ணாடி.

ஊற்று. எனக்குத் தெரியாத விஷயமா? பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் மொண்ட கதையை அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். கையில் இரண்டாயிரம் ரூபாய்ச் சாமான் இருந்ததால் மூளை அந்தப் பக்கமே போகவில்லை.

தெளிந்த ஊற்றுத் தண்ணீரில் கொஞ்சத்தைப் பாட்டிலில் எடுத்து, அதன் வாயை வடிகட்டியின் வாயோடு அழுத்திப் பிடித்து, எதிர்த்திசையில் தள்ளிப் பார்த்தேன். பாதி என் சட்டையில். ஆனால் கொஞ்சம் சிவப்பாக வெளியே வந்தது. வடிகட்டித் தண்ணீரால் செய்ய வேண்டியதை ஊற்றுத் தண்ணீரால் செய்தேன், அது முறையில்லை. அதனால் முதலில் வடிந்த அரை லிட்டரைக் கொட்டிவிட்டேன். அப்புறம் மெதுவாக, ஒரு லிட்டருக்குக் கால் மணி நேரம் என்ற கணக்கில், இரண்டு பாட்டில் நிறைந்தது. பார்வைக்குத் தெளிந்ததாலேயே ஊற்றுத் தண்ணீர் சுத்தம் ஆகிவிடாது. சுற்றிலும் ஆட்டுப் புழுக்கை. மணல் சேற்றைப் பிடித்தது, கிருமியை வடிகட்டி பிடிக்கட்டும் என்று இரண்டு பேருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

ஜமுனாமரத்தூரில் மாமா சாமைச் சோறும் கோழிக் குழம்பும் சொல்லி வைத்திருந்தார். மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்த என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "பீப்பீ ஊதுச்சா?" கதையைச் சொன்னேன். ஊற்று என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அத்த ஏன் மறந்த? நம்ம பாலாத்துல ஊரு ஊருக்கு ஆத்துக்குள்ளயே கிணறு எறக்கி பம்ப் வெச்சோமே, அதுவும் ஊத்துதான். பெரிய ஊத்து. மணல்தான் மாப்ள பில்டரு. நாங்க மேல குளோரின் மட்டும் போடுவோம்."

அவருடைய வேட்டித் துணிக்கும் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். துணியை நாலாக மடித்து முதலில் அதில் வடித்திருந்தால் என் சாமான் அடைத்திருக்காது. வங்கதேசத்துக் கிராமங்களில் பழைய சேலையை அப்படி மடித்து வடித்தே காலராவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள். 2003-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. காலராக் கிருமி தனியாக மிதப்பதைவிடக் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகள் மேல் ஒட்டிக்கொண்டு திரிவது அதிகம். சேலை பூச்சியைப் பிடிக்கும், பூச்சியோடு கிருமியும் போகும். இதைச் சொன்னதும் மாமா துணியை உதறி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார், யாரோ திருடப் போவது போல.

"மாத்திரையும் அப்டித்தான். கலங்கல்ல போட்டா அழுக்குதான் மருந்தத் தின்னும், கிருமி தப்பிச்சுக்கும். மொதல்ல தெளியணும், அப்பறம் மாத்திரை, அப்பறம் அரை மணி நேரம் பொறுமை."

எங்கள் பாட்டி பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து வைத்ததும் அந்த 'மொதல்ல தெளியணும்' வேலைக்குத்தான்.

குளிர் நன்றாக இருக்கிறது. போர்வைக்குள்ளிருந்து எழுதுகிறேன்.

மூன்றாம் நாள்: ஜமுனாமரத்தூர் – காவலூர் – வாணியம்பாடி

காலையில் பீமன் அருவிக்குப் போனோம். தண்ணீர் குறைவு, ஆள் இல்லை, நன்றாக இருந்தது. துணியில் வடித்து, வடிகட்டியில் இறக்கி, மாமாவின் மாத்திரையும் போட்டு நான்கு லிட்டர் எடுத்துக்கொண்டோம். மூன்று காவல். இதற்குமேல் ஒரு கிருமி பிழைத்தால் அது பிழைத்துப் போகட்டும் என்றார் மாமா.

காவலூர் வானாய்வகத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. மரங்களுக்கு நடுவில் வெள்ளைக் கூண்டு. 1977-இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது இங்கிருந்தும் உற்றுப் பார்த்தார்கள். அந்தக் கோளுக்கு வளையங்கள் இருப்பது அந்த ராத்திரியில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் வந்தது. அதைப் பார்க்கத் தனியாக ஒருமுறை வர வேண்டும்.

அங்கிருந்து ஆலங்காயம் வரை இறக்கம். மாமாவின் ஹெர்குலிஸ் பிரேக் போட்ட சத்தத்தில் காட்டில் இருந்த மயில்கள் எல்லாம் பதில் கொடுத்தன.

வாணியம்பாடியை நெருங்கும்போது மதியம் இரண்டு. மலைத்தண்ணீர் தீர்ந்திருந்தது. ஊருக்கு வெளியே சாலையோரம் ஒரு கைப்பம்பு. நான் கெத்தாகப் பையை எடுத்தேன். தண்ணீர் பளிச்சென்று தெளிவாக வந்தது. மலையில் பட்டதெல்லாம் நினைவுக்கு வர, 'இது அடைக்காது' என்று சந்தோஷமாகப் பிழிந்தேன். ஒரு நிமிடத்தில் பாட்டில் நிறைந்தது. குடித்தால், கரிப்பு. கடல் அளவுக்கு இல்லை, ஆனால் தொண்டையில் நிற்கிற உப்பு. முகம் கழுவ மாமா சோப்பு போட்டார், நுரையே வரவில்லை.

"மறுபடி வடிகட்டிப் பார்க்கட்டுமா?"

"நூறு வாட்டி வடிகட்டு. கலங்கினது வேற, கரைஞ்சது வேற மாப்ள. காப்பிய டீ வடிகட்டில ஊத்துனா தண்ணி வருமா, காப்பிதான் வரும்."

நான் மூன்று நாளாக இதைத்தான் யோசிக்காமல் இருந்திருக்கிறேன். வடிகட்டி வாங்கும்போது நாம் பயப்படுவது கிருமிக்கு. இந்தப் பள்ளத்தாக்கில் நிலத்தடி நீரின் துயரம் கிருமி இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வரை தோல் பதனிடும் தொழில். பச்சைத்தோல் கெடாமல் இருக்க மூட்டை மூட்டையாக உப்பு. பதனிட குரோமியம். பல வருடக் கழிவு பாலாற்று மணலுக்குள் இறங்கியது. உப்பும் குரோமியமும் தண்ணீரோடு கரைந்து போகிறவை. 0.1 மைக்ரான் துளை அவற்றுக்கு ரயில்வே கேட்டு. கொதிக்க வைத்தாலும் போகாது, சொல்லப்போனால் தண்ணீர் ஆவியாகி உப்பு இன்னும் கெட்டியாகும். மாத்திரையும் ஒன்றும் செய்யாது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தரம். கைப்பம்படியில் நின்றுகொண்டு நாக்கால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. உப்பு நாக்குக்குத் தெரிவது ஒருவகையில் நல்லதுதான், துப்பவாவது தோன்றும். இந்த ஆற்றுக்காகப் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. மாசு படுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக ஊன்றிய தீர்ப்புகளில் அதுவும் ஒன்று. சட்டக் கல்லூரி மாணவர்கள் தில்லியிலும் கொச்சியிலும் வேலூர் என்ற பெயரைப் படிப்பது அந்த வழக்கால்தான்.

மலையில் சாலையோரம் கடுக்காய் காயப்போட்டிருந்ததைப் பார்த்தோமே, அதைப் பற்றி மாமா சொன்னார். குரோமியம் வருவதற்கு முன்னால் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் தோலைப் பதனிட்டன. வாரக்கணக்கில் ஊற வேண்டும். குரோமியத்தில் அந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அவசரம்தான் காரணம் என்றார். நேற்று ஆட்டுக்காரரும் அவசரப்படாதே என்றுதான் சொன்னார், ஆனால் அது வேறு விஷயம்.

இன்றிரவு மாமாவின் பழைய சகா ஒருவர் வீட்டில். வீட்டில் இரண்டு குடம்: ஒன்றில் காவிரி, ஒன்றில் போர். காவிரி குடிக்க, போர் மற்றதற்கு. காவிரி என்பது மேட்டூரிலிருந்து குழாயில் வருகிற கூட்டுக் குடிநீர். 2019-இல் சென்னை காய்ந்தபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் போனதும் அந்தத் தண்ணீர்தான். ஒரு ரயிலுக்கு 50 வேகன், 25 லட்சம் லிட்டர். இரண்டு பேரும் அதைப் பேச ஆரம்பித்து இப்போது எந்த வால்வு எந்த ஊரில் ஒழுகியது என்ற இடத்தில் இருக்கிறார்கள். தூக்கம் வராது போலிருக்கிறது.

நான்காம் நாள்: வாணியம்பாடி – ஆம்பூர் – விரிஞ்சிபுரம் – காட்பாடி

எழுபது கிலோமீட்டர், லாரிகளோடு. சாலையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டோம். அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கத்திரிக்காய் மட்டும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன்.

வழியெல்லாம் ஊருக்கு ஊர் ஆர்.ஓ. தண்ணீர் நிலையம். காசு போட்டால் குடம் நிறைகிறது. உப்பு, குரோமியம் போன்ற கரைந்த சங்கதிகளைப் பெரும்பாலும் பிடிக்கக்கூடியது அந்த ஆர்.ஓ. சவ்வுதான். அதற்கு மின்சாரம் வேண்டும், அழுத்தம் வேண்டும், சைக்கிள் பையில் வராது. ஆகவே பாலாற்றுச் சமவெளியில் பயணம் போகிறவர்கள் கையடக்க வடிகட்டியைத் தூக்கிக்கொண்டு கைப்பம்பு தேட வேண்டாம் என்பது என் கட்சி. காலிப் பாட்டிலோடு போங்கள். குழாய்த் தண்ணீர் எது, போர்த் தண்ணீர் எது என்று கேட்டுப் பிடியுங்கள், வீட்டுக்காரர்களே சொல்லிவிடுவார்கள். ஜவ்வாது மலைக்குப் போனால் கண்டிப்பாக எடுத்துப் போவேன், ஊசிக்குழலோடும் துணியோடும். மாமா இதில் பாதிதான் ஒப்புக்கொள்கிறார். மலைக்கும் துணியும் மாத்திரையும் போதும் என்கிறார். அவர் காய்கறி வண்டியில் போனவர்.

விரிஞ்சிபுரத்தில் இறங்கினோம். 'விரிஞ்சை மதிலழகு' என்று சும்மா சொல்லவில்லை, மதில் அப்படித்தான் நிற்கிறது. உள்ளே சிம்ம தீர்த்தம். கல் சிங்கத்தின் வாய்தான் கிணற்றுக்கு வழி. கார்த்திகைக் கடை ஞாயிறுக்குக் குழந்தை வரம் வேண்டிப் பெண்கள் ஈரச்சேலையோடு வந்து நிறையும் இடம். இன்று யாரும் இல்லை. மாமா சிங்கத்தின் வாய்க்குள் எட்டிப் பார்த்து, தொழில் புத்தியில், "ஆத்து ஊத்துதான் இதுக்கும் வரும்" என்றார்.

அப்புறம் ஆற்றுக்குப் போனோம். மணலில் நடந்தால் பல இடங்களில் கால் களிமண்ணில் இடறுகிறது. மாமா சின்ன வயதில் இங்கே எந்த இடத்தில் தோண்டினாலும் முழங்கை ஆழத்தில் ஊற்று வருமாம். உட்கார்ந்து தோண்டினார். முழங்கை ஆழம் போனது. ஈரம் இருந்தது. இன்னும் கொஞ்சம் தோண்டினார், நானும் கை கொடுத்தேன். தோள் வரை போன பிறகு அடியில் லேசாகக் கசிந்தது, ஒரு சங்கு அளவு. தெளிவதற்குக் காத்திருந்தோம். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தெளிந்ததும் மாமா ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"இன்னா மாமா?"

துப்பிவிட்டு, துணியில் கை துடைத்துக்கொண்டு எழுந்தார். "இருட்டிடும், வா."

பத்து நாள் கழித்து

ஓடைத் தண்ணீர் குடித்தவனுக்கு மறுநாளே வயிறு போகவில்லை என்றால் தப்பித்தான் என்று அர்த்தம் இல்லை. ஜியார்டியா மாதிரி சில ஒட்டுண்ணிகள் ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அதனால்தான் இன்றுவரை காத்திருந்து இதைச் சேர்க்கிறேன். எனக்கு வயிறு சரியாக இருக்கிறது. மாமாவுக்கும். எந்த வாய்த் தண்ணீரை எது காப்பாற்றியது என்று இருவராலும் நிரூபிக்க முடியாது என்பதால் சண்டை தொடர்கிறது.

வடிகட்டியை ஊசிக்குழலால் பத்துத் தடவை எதிர்த்திசையில் கழுவினேன். முதல் நாலு தடவை செம்மண் வந்தது. கொஞ்சம் குளோரின் தண்ணீர் விட்டு அலசி, சமையலறை ஜன்னலில் காயப்போட்டிருக்கிறேன். ஈரத்தோடு மூடி வைத்தால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். அம்மா மூன்று நாளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இன்று காலை கேட்டாள்: "உங்க மாமன் ரெண்டு நாளைக்கு அதக் கேட்டான். எதுக்குடா, அவன் எங்க போறானாம்?"